பதினோராம் அத்தியாயம் தெருவுக்கு வந்தது

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. மகள் அஞ்சுவின் ஆபீஸ் சுடிதாரை இஸ்திரிப் பெட்டி வைத்துக் காய வைத்துக் கொடுத்தேன். சாப்பிடாமலே கழக்கூட்டம் பஸ்ஸுக்கு ஓடினாள். தோசை மிச்சம். நானே தின்றேன், ஆறிப்போய்.

வாங்க: கொசுவத்தி, காஸ் லைட்டர், இவருக்கு இருமல் மருந்து.

அத். 11 மொழிபெயர்ப்பு தொடங்கியாயிற்று. 'கடைசி வீட்டுக்காரன்' நாவலுக்கு உயிரே இதுதான் என்று சொல்கிறார்கள். மலையாளத்தில் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் எத்தனை சண்டை. ஒரு பத்திரிகை 'தைரியம்' என்றது, இன்னொன்று 'விஷம்'. எரிக்கச் சொல்லி ஒரு கூட்டம், பாடமாக வைக்கச் சொல்லி ஒரு கூட்டம். எழுதின வாமதேவன் சார் வீட்டு வாசலில் யாரோ சாணி எறிந்தார்கள். அடுத்த நாள் யாரோ மாலை கொண்டுவந்து போட்டார்கள்.

கதை இவ்வளவுதான். வரப்போகிற ஒரு காலம். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட்டார்கள். வடக்கேயிருந்து ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறுகின்றன. கடைசியில் நகரத்தில் சொந்த வீட்டோடு மிஞ்சுவது ஒரே ஒரு கிழவர். அத். 11-ல், வந்தவர்கள் கதவு கதவாகச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு போகிறார்கள். எந்த வீட்டில் தனியாக வயசாளி இருக்கிறார் என்ற அடையாளம். கிழவர் உள்ளே இருந்து அந்தச் சாக்பீஸ் சத்தத்தைக் கேட்கிறார். அந்த ஒரு பக்கம் பயங்கரம். அபாரமான எழுத்து. பொறாமையாகக்கூட இருந்தது.

சிக்கல்: 'வரத்தர்'. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மலையாளத்தில் சொல்வது. தமிழில் வரத்து என்றால் காய்கறி வரத்து, அணைக்குத் தண்ணீர் வரத்து. ஆட்களுக்கு ஆகாது. 'வந்தேறிகள்' என்று எழுதிப் பார்த்தேன். காறித் துப்பின மாதிரி இருந்தது. 'வந்தவர்கள்'? சப்பென்று இருக்கிறது. சென்னைப் பதிப்பாளரிடம் போனில் கேட்டேன்.

"வந்தேறின்னே போடுங்க மேடம். அட்டையிலேயே போடலாம். சும்மா பத்திக்கும்."

இப்போதைக்கு 'வந்தவர்கள்'.

நகைக்கடை நோட்டீஸ், மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற தாள், ஆயுர்வேத எண்ணெய் விளம்பரம் என்று இத்தனை வருடம் மொழிபெயர்த்ததில் ஒன்றிலும் என் பெயர் கிடையாது. இது புத்தகம். தமிழில்: செல்வி மனோகரன். ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன்.

சாயங்காலம் நூரி வந்து வீட்டுப்பாடம் எழுதினாள். எங்கள் பின்பக்கத்து அறையில் குடியிருக்கும் வங்காளத்துக்காரி சபீனாவின் மகள். அவர்கள் அறை மழையில் ஒழுகுகிறதாம். சபீனாவின் புருஷன் அன்வரையே ஓடு மாற்றச் சொல்ல வேண்டும். டைல்ஸ் போடுகிறவனுக்கு ஓடு மாற்றத் தெரியாமலா இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

இவர் நாவல் படிக்கிறார். கல்யாணமாகி இன்றுவரை கதைப் புத்தகத்தோடு இவரைப் பார்த்ததில்லை. சாலைக் கடைவீதியில் பாத்திரக்கடைக் கணக்கு, அது முடிந்தால் தெரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி வேலை. அவ்வளவுதான் இவர் வாழ்க்கை. இன்று என் மேஜையிலிருந்த மலையாளப் பிரதியை எடுத்துக்கொண்டு காலை இட்லியே ஆறிப்போகிற அளவுக்கு உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் நடக்கிறதுதான செல்வி. நம்ம தெருவுல கடைசி மூணு வீட்டைப் பாரு. பூட்டிக் கெடக்கு. பிள்ளைங்க யு.கே.யில. நாளைக்கு அங்க யாரு வருவா?"

"நம்ம வீட்டுப் பின்னாலயும்தான் இருக்காங்க."

"அவன் வேற. அன்வர் நல்ல பயல்." பக்கத்தைப் புரட்டிவிட்டு, "ஆனா ஒருத்தன் வந்தா பத்து பேர் வருவான்ல" என்றார்.

ஒரு விஷயம். மூலத்தில் இரண்டு இடத்தில் 'ബംഗാളി', அதாவது வங்காளத்துக்காரன், என்று வருகிறது. இங்கே வடக்கத்தி ஆள் யாராக இருந்தாலும், அசாமோ ஒடியாவோ, அதுதான் பெயர். இங்கே காதில் விழுகிறபடியே தமிழில் எழுதினால் 'பங்காளி' என்றுதான் வருகிறது. சிரிப்பு வந்தது. பிறகு 'வங்காளி' என்று திருத்தினேன்.

மத்தியானம் தலைவலி. கரண்ட் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

வாசகசாலையில் நாவல் விவாதம். மழையிலும் ஹால் நிரம்பி வழிந்தது. பச்சைக் கரைப் புடவை. பிளவுஸ் பிடிக்கிறது, பிரித்துத் தைக்க வேண்டும்.

வாமதேவன் சார் அத். 11 வாசித்தார். எண்பது வயதுக் குரல், நடுக்கம் அந்தப் பக்கத்துக்கென்றே அமைந்த மாதிரி. முன் வரிசையில் பலர் போனைத் தூக்கிப் பதிவு செய்தார்கள். பிறகு அதே பகுதியை நான் தமிழில் வாசித்தேன். பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் கைதட்டல். காது சூடாகிவிட்டது எனக்கு.

கேள்வி நேரம் ரகளை. ஒரு காலேஜ் பெண் எழுந்து, சார் மகன் இருக்கிற கனடாவையே இழுத்து நேராகக் கேட்டாள்: "சாரின்ட மோன் கனடாவிலல்லே? அவிடத்துகாரு இதுபோலெ ஒரு நாவல் எழுதியால்?"

சார் கோபப்படவில்லை. "எழுதியிருப்பார்கள். அவர்களுடைய பயமும் உண்மைதான்" என்றார். (சார் பேசுவது மலையாளம். எனக்குத் தமிழில் எழுதித்தான் கை வருகிறது.) அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிப் பின்னாலிருந்து கூச்சல்.

அப்புறம் ஒரு ஆள் என்னைப் பார்த்து, "டீச்சறே, அப்போள் தமிழரும் வரத்தரல்லே?" என்றான். சிரிப்பு. நான் டீச்சர் இல்லை. மேடையில் பெண் உட்கார்ந்தால் டீச்சர்தான்.

சார் மைக்கை வாங்கி, "செல்வி நம்முடெ ஆளாணு" என்றார். பெரிய கைதட்டல். நானும் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போதுதான் உறைத்தது. அப்பா போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் முதுகு வளைந்து செத்தவர். நான் விதுரை ஸ்கூலுக்கு மலையிறங்கி வரும்போது ஜீப்பில் இடம் இருந்தாலும் "பாண்டிப் பிள்ளேர் பின்னே" என்பார்கள், தமிழ்ப் பிள்ளைகள் அப்புறம் என்று. இன்று ஒருத்தர் மைக்கில் சொல்லித்தான் நான் இந்த ஊர் ஆள். அதற்கு நான் கும்பிட்டேனே.

இவர் மட்டும் ரொம்பச் சந்தோஷம். "நம்ம ஆளுன்னு சொன்னார்ல, அத்தனை பேர் முன்னால!"

ஜூன் 11, புதன்

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆடியோ. சார் குரல். முன்னும் பின்னும் வெட்டிவிட்டார்கள். நாவல் என்ற சொல்லே இல்லை. ஒரு வயசாளி நடுங்குகிற குரலில், கதவுகளில் சாக்பீஸ் கோடு போடுகிறார்கள், தனியாக இருக்கிற கிழவர்களைக் குறிவைக்கிறார்கள் என்று சொல்வது மட்டும். கேட்டால் யாரும் எழுந்து கதவைத் தாழிடுவார்கள். குரூப்புக்குக் கொண்டுவந்தது யார் என்று பார்த்தேன். இவர். கீழே: 'எல்லாவரும் ஜாக்ரதை'.

"இது வாமதேவன் சார் வாசிச்சதுங்க. கதை."

"தெரியும்."

"பிறகு?"

"கதைன்னா நடக்காததா? ஜாக்கிரதையா இருக்கச் சொன்னதுல என்ன கொறஞ்சு போச்சு?"

மத்தியானம் எதிர்வீட்டு அம்மா டார்ச் அடித்துக் கேட்டைச் சோதித்துக்கொண்டிருந்தார். பகலில் டார்ச். "செல்வீ, இது சத்யமாணோ?" என்றார். இல்லை, கதை என்றேன். "கத ஆணெங்கில் எந்தினா செக்ரட்டரி இட்டே?" என்று கேட்டார். கதை என்றால் செக்ரட்டரியே ஏன் போட வேண்டும் என்று.

அத். 14 பாதி. மனசு ஓடவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பூஜப்புரையில் சார் வீட்டுக்குப் போனேன். தனியாக இருக்கிறார். மாடி பூட்டியிருக்கிறது. கீழே ஒரு அறை, புத்தகம், மருந்து வாசனை. ஃப்ளாஸ்கிலிருந்து தானே காபி ஊற்றித் தந்தார், கொஞ்சம் மேஜையில் சிந்தியது.

ஆடியோவைக் கேட்க வைத்தேன். முழுதும் கேட்டார். "நன்றாகத்தான் வாசித்திருக்கிறேன்" என்றார். கோபம் வந்தது எனக்கு.

"சார், இது கதைதான்னு ஒரு வார்த்தை நீங்க வெளியே சொல்லணும்."

"கதைக்கு அடியில் கதை என்று எழுதி ஒட்டுவதா? அதற்கு எழுதாமலே இருக்கலாம்."

"ஜனங்க பயந்து கெடக்காங்க."

"நானும் பயந்துதான் எழுதினேன், செல்வி. நான் பிறந்த தெருவில் இப்போது என் அம்மா பெயர் தெரிந்தவர் ஒருத்தர் கிடையாது. காலையில் நடக்கப் போனால் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அது பயம் இல்லையா?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அந்த வீட்டில் அரை மணி உட்கார்ந்தால் யாருக்கும் அந்த நாவல் வரும்.

"அந்தப் பெயர்களைக் கொண்டுபோனது வெளிநாடு போன பிள்ளைங்க சார். வந்தவங்க இல்லை" என்று சொல்ல நினைத்தேன். காபி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

அன்வரை அடித்துவிட்டார்கள்.

கடைசி மூன்று வீட்டில் ஒன்றின் சொந்தக்காரர்கள் யு.கே.யிலிருந்து போனிலேயே ஏற்பாடு செய்த வேலை. கேட் தூணில் வீட்டுப் பெயர் எழுதின டைல் பதிக்க வேண்டும். அன்வர் மட்டம் பார்த்துச் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறான். எல்லா டைல்ஸ்காரனும் செய்வதுதான். பைக்கில் வந்த மூன்று பேர் நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள்: எதற்குக் கோடு? வீட்டில் ஆள் இல்லை என்று எப்படித் தெரியும்? ஒருத்தன் போனில் அந்த ஆடியோவை வைத்து அவன் காதில் பிடித்திருக்கிறான். அன்வருக்கு மலையாளம் நன்றாக வரும். விளக்கிச் சொல்லியிருக்கிறான். அவன் மட்டம் பார்க்கிற ரசமட்டக் கட்டையைப் பிடுங்கி அதாலேயே.

இடது மணிக்கட்டு முறிவு. நெற்றியில் தையல்.

ஆஸ்பத்திரியில் நானும் சபீனாவும். மூச்சுமுட்டக் கூட்டம். சபீனா அழவில்லை. முந்தானையால் அவன் சட்டையிலிருந்த சிமென்ட் தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ரத்தத்தை விட்டுவிட்டு. போலீசில் சொல்லலாம் என்றேன். "வேண்டா சேச்சி. பின்னெ இவிடெ நிக்கான் பற்றில்ல." அப்புறம் இங்கே இருக்க முடியாதாம். மூன்று பேரில் ஒருவனை அன்வருக்குத் தெரியுமாம். பெயர் சொல்லமாட்டேன் என்கிறான்.

நூரி அஞ்சுவிடம். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள், சத்தம் இல்லாமல்.

இவர் பின்கட்டு வாசல்வரை போனார். உள்ளே போகவில்லை. குரூப்பில் போட்ட ஆடியோவை அழித்துவிட்டார். அழித்தால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இவர் பெயருக்குக் கீழே ஒரு வரி நிற்கிறது. தெரு முழுக்க அதைப் பார்க்கும்.

ஜூன் 16, திங்கள்

சாருக்கு நேற்றே போனில் சொன்னேன். இன்று பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ. கொட்டுகிற மழையில் சார், குடையும் ஒரு பிஸ்கட் டப்பாவுமாக.

"அவனைப் பார்க்க வேண்டும்."

பின்பக்க அறைக் கதவு தாழ்வு. குனிந்து நுழைந்தார். அன்வர் எழுந்து நிற்கப் பார்த்தான். சார் அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்து, உடைந்த இந்தியில் ஏதோ கேட்டார். அவன் மலையாளத்திலேயே, "சாரமில்ல சார். இடத்தெ கையல்லே" என்றான். இடது கைதானே, பரவாயில்லை என்று அவன்தான் இவருக்கு ஆறுதல் சொன்னான்.

நூரி தன் மலையாள நோட்டை எடுத்து நீட்டினாள், வீட்டுக்கு யார் வந்தாலும் செய்கிற மாதிரி. சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பக்கமாக, அவள் கையெழுத்தை. "நல்ல கையக்ஷரம்" என்றார். "டீச்சரும் அதா பறயுந்நே" என்றாள் அவள். டீச்சரும் அதையே சொல்கிறாராம்.

சபீனா என் காதில்: "சார் ஆரா, சேச்சி?"

"கதை எழுதுறவர்."

"நல்ல மனுஷன்" என்றாள், மெதுவாகத்தான். ஆனால் அறை சின்னது. சாருக்குக் கேட்டது. முகம் என்னவோ ஆகிவிட்டது.

வாசலில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

"நான் எழுதியது இவனை இல்லை, செல்வி."

"நாவல்ல வந்தவங்க ஒருத்தருக்கும் நீங்க பேர் வைக்கலையே சார். கிழவர் பூனைக்குக்கூட பேர் இருக்கு."

இதை நான் சொல்லியிருக்கக்கூடாதோ. எண்பது வயது. ஆனால் மொழிபெயர்க்கிறவளுக்குத்தான் தெரியும். பெயரே எழுத வேண்டியிராத முந்நூறு பக்கம்.

ஆட்டோவில் ஏறும்போது, "பத்திரிகைக்கு எழுதித் தருகிறேன்" என்றார்.

ஜூன் 18, புதன்

சாரின் குறிப்பு வந்தது. உள்பக்கத்தில், மழைச் செய்திக்குக் கீழே. அந்த ஆடியோ தன் நாவலில் வரும் கற்பனை, அதை நம்பி ஒரு தொழிலாளி தாக்கப்பட்டதில் வேதனை என்று. குரூப்பில் நானே போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், அதில் ஒருத்தி அஞ்சு. நாவலைப் புகழ்ந்தவர்கள் இப்போது சாரைக் 'கோழை' என்கிறார்கள். எரிக்கச் சொன்னவர்கள் 'முதலைக் கண்ணீர்' என்கிறார்கள்.

மாலை அசோசியேஷன் கூட்டம். இவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். தீர்மானம்: வெளி மாநில ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள் மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்ல வேண்டும். 'அவர்களுடைய பாதுகாப்புக்காகவே'. எழுதினது செக்ரட்டரி, இவர் கையெழுத்து.

"அடிச்சவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாங்களா?"

இல்லை.

"நீங்க பேசினீங்களா?"

"நான் எழுந்து எதிர்த்தா என்ன கேப்பான் தெரியுமா? நீயும் திருநெவேலிலேருந்து வந்தவன்தானேன்னு கேப்பான். எங்கப்பாவை அந்தச் சாலைக் கடைவீதியில வச்சுக் கேட்டான். நான் பக்கத்துல நின்னேன். இந்தத் தெருவுல என்னை அப்படி யாரும் கேட்டதில்ல செல்வி. இனியும் கேக்கக்கூடாது."

முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாத ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாதிரி. திட்ட நினைத்தேன். அழுகைதான் வந்தது. சோறு போட்டேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் நாகர்கோவிலிலிருந்து மைனி போன். "செல்வி, ஒம் பேரு வந்திருக்குடே! எங்க வீட்டுக்காரரு போன்ல காட்டினாரு. பெரிய ஆளாயிட்ட!"

என்ன என்று புரியவில்லை. பார்த்தால், சென்னைக்காரர் அத். 11-ஐத் தன் இணைய இதழில் முன்னோட்டமாகப் போட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். தலைப்பிலேயே 'வந்தேறிகள்'. உள்ளே நான் 'வந்தவர்கள்' என்று எழுதின இடமெல்லாம் மாற்றம். கீழே தடித்த எழுத்தில் என் பெயர்.

எவ்வளவு நாள் ஆசைப்பட்ட வரி அது. பார்க்க முடியவில்லை.

கீழே வாசகர் குறிப்புகள். 'இது கேரளத்துக் கதை இல்லை, எங்கள் திருப்பூர் கதை.' 'வடக்கனை விரட்ட இப்படி ஒரு நாவல் நமக்கும் வேண்டும்.' ஒருவர்: 'மொழிபெயர்ப்பு என்றே தெரியவில்லை, தமிழிலேயே எழுதியது போல.' இந்த ஒரு பாராட்டுக்காகத்தான் நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துப் படித்துத் திருத்தினேன்.

பதிப்பாளர் போனை எடுக்கவில்லை.

இவரை இருமல் விடவில்லை. மருந்து தீர்ந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

போய்விட்டார்கள்.

நாங்கள் காலி செய்யச் சொல்லவே இல்லை. நான் சொல்லமாட்டேன் என்றும், இவரும் சொல்லக்கூடாது என்றும் தகராறு செய்திருந்தேன். ஆனால் அதற்கு முன்னாலேயே சபீனா, போகிறோம் என்று வந்து நின்றாள். "போகாம் சேச்சி. நூரியுடெ அப்பாக்கு ஒறக்கமில்ல. பைக் சத்தம் கேட்டால் எழுந்நேல்க்கும்." இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எதை நம்பி இருக்கச் சொல்வது? பகலில் நான் கதவுக்குக் காவல் நிற்பேனா?

ஸ்டேஷனுக்கு நானும் அஞ்சுவும் போனோம். அன்வரின் கட்டுப் போட்ட கை, இரண்டு பை, ஒரு ஸ்டவ், டேபிள் ஃபேன். புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன், மூன்று நாள் வண்டி. நூரிக்கு ஸ்கூல் போக முடியாதே என்ற கவலை. நாளைக்கு டிக்டேஷனாம். "நாளெ திரிச்சு வருமோ?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்துவிடுவோமா என்று. சபீனா ஸ்டவ் கட்டின கயிற்றை மறுபடி இறுக்கினாள்.

பிளாட்பாரத்தில் அன்வர் குடும்பத்தைப் போல அநேகம் பேர். அவர்கள் ஏறுகிறார்கள். எதிர்ப் பிளாட்பாரத்தில் வந்த வண்டியிலிருந்து வேறு ஒரு கூட்டம், முதுகுப் பையோடு, இறங்கி எந்தப் பக்கம் வெளியே போவது என்று பார்த்துக்கொண்டு நின்றது. எல்லாம் எங்கள் அஞ்சுவின் வயதுப் பசங்கள்.

இவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. காலையிலேயே கடைக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 25, புதன்

பதிப்பாளர் ஒருவழியாக எடுத்தார். புத்தகத்தில் என் பெயர் வேண்டாம் என்றேன்.

"ஏன் மேடம்? செம ரெஸ்பான்ஸ். ஆர்டர் வந்துக்கிட்டே இருக்கு."

"பேரை எடுத்துடுங்க."

"சரி, உங்க இஷ்டம். மீதி அத்தியாயங்களை மட்டும் சீக்கிரம் அனுப்புங்க."

வைத்த பிறகு நிம்மதியாக இருந்தது. அஞ்சுவிடம் சொன்னேன். ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "பேர் மாத்திரம் மாற்றினா மதியா அம்மா? வாக்கெல்லாம் அம்மாவுடெயல்லே?"

பெண்ணுக்குத் தமிழ் சரியாக வராது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தவள் நான். வார்த்தையெல்லாம் என்னுடையதுதானே என்று அவள் கேட்டது சுருக்கென்று தைத்தது.

திரும்பக் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பையே தரமாட்டேன், கொடுத்ததையும் அச்சடிக்கக்கூடாது என்றேன். தயவாகவே சொன்னார்: "மேடம், மூல ஆசிரியர்கிட்டேருந்து வாங்கின உரிமை எங்களுக்கு இருக்கு. நீங்க இல்லேன்னா இன்னொருத்தர். இப்ப மலையாளம் தெரிஞ்சவங்களுக்கா பஞ்சம்? உங்க அளவுக்கு நல்லா வராது. அவ்வளவுதான்."

சாரைக் கூப்பிட்டேன். உரிமையைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்க. மகன் எடுத்தான், கனடாவிலிருந்து வந்திருக்கிறானாம். அப்பா யாரோடும் பேசுவதில்லை, வாசல் பக்கமே வருவதில்லை என்றான். கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம். வீட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை என்றான்.

அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். அவர்களிடம் பதினாறு அத்தியாயம் இருக்கிறது. அழித்து என்ன.

ஜூன் 28, சனி

பூச்சி மருந்து அடித்தார்கள். ஒரு ஆயுர்வேத எண்ணெய் லேபிள் வந்திருக்கிறது, தமிழில் வேண்டுமாம். உடனே செய்து அனுப்பினேன்.

இவர் அசோசியேஷன் பொறுப்பை விட்டுவிட்டார். உடம்பு சரியில்லை என்று காரணம். யாரும் வற்புறுத்தவில்லையாம். அதைத்தான் இரண்டு தடவை சொன்னார்.

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டு விட்டு. சாளை மீன் வாங்கினேன், நல்ல நெய். இவர் பேப்பரோடு ஹாலில்.

பத்து மணி வாக்கில் சபீனா. லைன் சரியில்லை, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். அன்வருக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, விரல் இன்னும் மடங்கவில்லை. ஊரில் வேலை கிடையாது. மாமியார் வீட்டில் இடம் போதவில்லை. பின்பக்க அறைக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டாள். இல்லை, பூட்டித்தான் கிடக்கிறது என்றேன்.

நூரி போனைப் பிடுங்கிவிட்டாள்.

"ஆன்டீ! இவிடெ ஆர்க்கும் மலையாளம் அறியில்ல."

வங்க எழுத்து இவளுக்குத் தெரியாததால் மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறார்களாம், சின்னப் பிள்ளைகளோடு. இவள் பேச்சும் அவர்களுக்கு வேறு மாதிரி. இவளுக்கு அங்கே பெயர் 'மலையாளி'. விளையாடச் சேர்ப்பதில்லை. "ஏ மலையாளி, நீ எப்போ உன் ஊருக்குத் திரும்பிப் போவே?" என்று தினம் கேட்கிறார்களாம்.

"ஞான் எந்தா பறயேண்டே, ஆன்டீ?"

அவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிறாள். என்ன சொல்லச் சொல்வது. ஹாலில் பேப்பர் சத்தம் நின்றிருந்தது. திரும்பிப் பார்த்தேன். இவர் எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறார். போனை நீட்டினேன். வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கினார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"மோளே..." என்றார். "மோளே, சோறுண்டோ?"

"உண்டு. பறயூ அங்கிளே. ஞான் எந்தா பறயேண்டே?"